பில்டர் ஒருவர் நகரத்தை மீட்க முடியுமா? ஜேம்ஸ் ரௌஸை வைத்து ஓர் எளிய விளக்கம்

ஊரின் பழைய கடைத்தெரு பாழடைந்து கிடக்கும். மாடிகளில் ஆளிருக்காது, கீழே பாதிக் கடைகளுக்கு ஷட்டர் இறங்கியிருக்கும், இருட்டினால் அந்தப் பக்கம் போக யாருக்கும் மனம் வராது. பிறகு ஒரு டெவலப்பர் வருவார். கட்டடங்களைச் சீர்செய்வார், விளக்குப் போடுவார், காபிக் கடை திறக்கும், கூட்டம் வரும். பத்து வருஷத்தில் அங்கே ஒரு சதுர அடி வாங்க முடியாது. நகர மீட்டுருவாக்கம் என்று பெரும்பாலும் சொல்லப்படுவது இதைத்தான்.

இதில் இரண்டு வேலைகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, இடத்தை மீட்பது. இன்னொன்று, அந்த இடத்தில் ஏற்கெனவே குடியிருப்பவர்களின் நிலையை உயர்த்துவது. முதல் வேலை முடிந்தால் இரண்டாவது தானாக நடந்துவிடும் என்கிற தொனியில்தான் திட்ட அறிக்கைகள் பேசும். அப்படி நடப்பது அபூர்வம். இரண்டுக்கும் பணக் கணக்கே வேறு. அந்த இரண்டையும் ஒரே ஆயுளில் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து பார்த்தவர் அமெரிக்க டெவலப்பர் ஜேம்ஸ் ரௌஸ் (1914–1996). ஜெயித்த இடமும் தோற்ற இடமும் அவர் வாழ்க்கையில் தெளிவாகத் தெரிவதால், விஷயத்தைப் புரிந்துகொள்ள அவரைப் பின்தொடர்வதே சுலபம்.

நகரம் ஏன் காலியானது

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க நகரங்களின் நடுப்பகுதிகள் காலியாகத் தொடங்கின. புறநகரில் தனி வீடு வாங்க மத்திய அரசின் உத்தரவாதத்தோடு வீட்டுக்கடன் கிடைத்தது. 1956இல் வந்த நெடுஞ்சாலைச் சட்டம் நாடு முழுக்கப் பெரிய சாலைகளைப் போட்டது. வேலை நகரத்தில், வீடு புறநகரில் என்று வாழ்க்கை மாறியது. ஆனால் அந்தக் கடன் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளை வரைபடத்தில் சிவப்பு வண்ணத்தால் குறித்து, ஆபத்தான இடம் என்று சொல்லிக் கடன் மறுத்தார்கள். வசதியுள்ள வெள்ளையர்கள் கிளம்பிப்போக, மிச்சமிருந்தவர்கள் பழைய வீடுகளோடும் சுருங்கிப்போன நகராட்சி வருமானத்தோடும் மாட்டிக்கொண்டார்கள். மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோர் நகரில் 1950இல் சுமார் 9.5 லட்சம் பேர் இருந்தார்கள். 1980இல் அது 7.87 லட்சம்.

இதற்கு அரசாங்கம் கண்ட முதல் வைத்தியம் புல்டோசர். 1949ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டப்படி, ஒரு பகுதியைச் சேரி என்று அறிவித்துவிட்டால் நகராட்சி அதைக் கையகப்படுத்தி இடித்து, நிலத்தைத் தனியார் டெவலப்பரிடம் கொடுக்கலாம்; இழப்பில் பெரும்பங்கை மத்திய அரசு ஏற்கும். பாஸ்டனின் வெஸ்ட் எண்ட் பகுதி இதற்குப் பேர்போன உதாரணம். இத்தாலியர், யூதர், போலந்துக்காரர் என்று பலரும் கலந்து வாழ்ந்த தொழிலாளர் குடியிருப்பு அது. 1958இல் இடிக்கத் தொடங்கி, சுமார் 2,700 குடும்பங்களை வெளியேற்றினார்கள். அந்த இடத்தில் வசதியானவர்களுக்கான அடுக்குமாடிகள் எழுந்தன. பழைய ஆட்களில் அங்கே திரும்பி வர முடிந்தவர்கள் மிகச் சிலர்.

மால் கட்டியவரே கடைத்தெருவுக்குத் திரும்பிய கதை

ரௌஸ் மேரிலாந்தின் ஈஸ்டன் என்ற சிற்றூர்க்காரர். 1930இல் சில மாத இடைவெளியில் அப்பா, அம்மா இருவரையும் இழந்தார். வீடும் கடனில் போயிற்று. பால்டிமோரில் ஒரு கார் நிறுத்துமிடத்தில் வேலை பார்த்துக்கொண்டே இரவுக் கல்லூரியில் சட்டம் படித்து 1937இல் பட்டம் வாங்கினார். அப்புறம் 1939இல் கூட்டாளி ஒருவரோடு வீட்டுக்கடன் நிறுவனம் தொடங்கினார். இதை இங்கே சொல்ல ஒரு காரணம் உண்டு. ரௌஸ் அடிப்படையில் கட்டடக்காரர் அல்ல, கடன் கொடுக்கும் தொழில்காரர். எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் முதலில் அவர் கண்ணில் பட்டது, இதற்கு யார் பணம் போடுவார், எப்படித் திரும்ப வரும் என்பதுதான்.

ஐம்பதுகளில் அவர் புறநகர் மால்கள் கட்டினார். 1958இல் மேரிலாந்தில் ஹாரண்டேல், 1961இல் நியூஜெர்சியில் செர்ரி ஹில். கூரை போட்டு, குளிரூட்டி, நடுவில் செடியும் நீரூற்றும் வைத்த இந்த மால்கள்தான் நகரத்துக் கடைத்தெருக்களின் வியாபாரத்தை உறிஞ்சின. பின்னாளில் நகரங்களின் மீட்பராகப் பத்திரிகைகள் கொண்டாடிய மனிதருக்கு, அந்த நகரங்கள் காலியானதிலும் ஒரு பங்கு இருந்தது. 1967இல் பால்டிமோருக்கும் வாஷிங்டனுக்கும் நடுவே கொலம்பியா என்றொரு முழு நகரத்தையே புதிதாக உருவாக்கினார். நாட்டில் வீட்டுவசதிப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வருவதற்கு முந்தைய வருஷமே, எல்லா இனத்தவரும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கலாம் என்று சொன்ன ஊர் அது. தனிக் கட்டுரைக்குரிய விஷயம்; விட்டுவிடுவோம்.

நகர மையத்தில் அவர் கைவைத்த முதல் பெரிய சோதனை பாஸ்டனின் குயின்சி மார்க்கெட். 1826இல் திறந்த கருங்கல் சந்தை. இறைச்சியும் பாலாடைக்கட்டியும் காய்கறியும் விற்ற இடம். இருபுறமும் இன்னும் இரண்டு நீண்ட கட்டடங்கள். மொத்த வியாபாரிகள் ஒவ்வொருவராக வேறிடம் போய்விட, எழுபதுகளின் தொடக்கத்தில் மூன்றுமே சிதிலமாக நின்றன. இடிக்காமல் காப்பாற்றலாம் என்று கட்டடக் கலைஞர் பெஞ்சமின் தாம்ப்ஸன் திட்டம் போட்டு, அதைக் கட்டித்தர டெவலப்பர் தேடினார். ரௌஸ் ஒப்புக்கொண்டார். மேயர் கெவின் ஒயிட் பச்சைக்கொடி காட்டினார்.

வங்கிகள்தான் காட்டவில்லை. பெரிய துணிக்கடை எதுவும் இல்லை, கார் நிறுத்தக் கட்டடத்தோடு ஒட்டிய இடம் இல்லை, சின்னச் சின்னக் கடைகளை நம்பி யார் கடன் கொடுப்பார்? நியூயார்க் வங்கி ஒன்று முன்வந்தது. ஆனால் பாஸ்டன் வங்கிகளும் தங்கள் பங்கைப் போட வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. உள்ளூர் வங்கிகளை ஒவ்வொன்றாகச் சம்மதிக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஒப்பந்தத்தின் அமைப்பைக் கொஞ்சம் கவனியுங்கள். நிலமும் கட்டடமும் நகராட்சிக்கே சொந்தம். ரௌஸ் நிறுவனத்துக்கு 99 வருஷக் குத்தகை. வழக்கமான சொத்துவரிக்குப் பதிலாக, கடைகளிலிருந்து வரும் வாடகையில் நகராட்சிக்கு ஒரு பங்கு. கடைக்காரர்களும் அப்படித்தான்: ஒரு அடிப்படை வாடகை, வியாபாரம் ஒரு அளவைத் தாண்டினால் அதில் ஒரு சதவீதம். ஆக, கூட்டம் வந்தால் கடைக்காரர், டெவலப்பர், நகராட்சி மூன்று பேருக்குமே லாபம். இப்படிப் பொது நிலத்தை விற்காமல் லாபத்தில் பங்கு கேட்கும் முறை அன்று புதிது. இன்று உலகம் முழுக்க அரசு–தனியார் கூட்டு என்ற பெயரில் நடக்கும் பல திட்டங்களின் எலும்புக்கூடு இதுதான்.

திறப்பு விழாவுக்குச் சில வாரங்களே இருந்தபோதும் பல கடைகளுக்கு ஆள் வரவில்லை. காலி இடம் கண்ணை உறுத்தும் அல்லவா? மரத்தில் தள்ளுவண்டிகள் செய்து நிறுத்தி, கைவினைக்காரர்களையும் சின்ன வியாபாரிகளையும் தேடிப்பிடித்து, வாரக் கணக்கில் வாடகைக்கு விட்டார்கள். முன்பணமும் உள் அலங்காரச் செலவும் இல்லாமல் ஒருவர் வியாபாரம் தொடங்கிவிடலாம். ஓடவில்லை என்றால் அடுத்த வாரம் வேறொருவர். ஓட்டையை மறைக்கச் செய்த ஏற்பாடு, கடைசியில் சதுர அடிக் கணக்கில் மிக நல்ல வருமானம் தரும் இடமாகிவிட்டது. இன்று எந்த மாலுக்குப் போனாலும், எந்த விமான நிலையத்துக்குப் போனாலும் நடைபாதை நடுவில் கைபேசி உறையும் வாசனைத் திரவியமும் விற்கும் குட்டிக் கடைகள் நிற்கின்றனவே, அவற்றின் மூதாதை பாஸ்டனின் அந்த வண்டிகள்தான்.

1976 ஆகஸ்ட் 26, பழைய சந்தை திறந்து சரியாக 150 வருஷம். அன்று புதிய சந்தை திறந்தது. சில ஆயிரம் பேர் வந்தாலே பெரிசு என்று நினைத்த இடத்தில் கூட்டம் பொங்கியது. முதல் வருஷத்தில் சுமார் ஒரு கோடிப் பேர் வந்துபோனார்கள். நகரத்தின் நடுவே நடக்க, சாப்பிட, வேடிக்கை பார்க்க மக்களுக்கு ஆசை இருக்கிறது என்பதை வங்கிகளுக்குப் புரியும் மொழியில், அதாவது விற்பனைக் கணக்கில், ரௌஸ் காட்டிவிட்டார்.

துறைமுகத்தில் திருவிழா

அடுத்தது பால்டிமோர். கப்பல் போக்குவரத்து வேறு பக்கம் நகர்ந்தபின் அழுகிய படகுத்துறைகளோடு கிடந்தது உள்துறைமுகம். நகராட்சி அதைப் பல வருஷமாகச் சுத்தம் செய்து புல்வெளியாக்கியிருந்தது. அதன் கரையில் இரண்டு கண்ணாடி மண்டபங்கள் கட்டி ஹார்பர்பிளேஸ் என்ற பெயரில் உணவகங்களும் கடைகளும் வைக்கலாம் என்றார் ரௌஸ். பொது இடத்தைத் தனியார் வியாபாரத்துக்குக் கொடுப்பதா என்று எதிர்ப்புக் கிளம்பி, 1978 நவம்பரில் வாக்கெடுப்பு வரை போயிற்று. பாதிக்குச் சற்று மேல் வாக்கு வாங்கித் திட்டம் தப்பியது.

1980 ஜூலை 2இல் திறந்த ஹார்பர்பிளேஸுக்கு முதல் வருஷம் 1 கோடியே 80 லட்சம் பேர் வந்ததாகக் கணக்கு. மறுவருஷம் பக்கத்திலேயே தேசிய மீன்காட்சியகம் வந்தது. குறித்த நாளில் அது திறக்காவிட்டால் கடல்நாய்த் தொட்டியில் குதிப்பேன் என்று வாய்விட்டிருந்த மேயர் வில்லியம் டொனால்ட் ஷேஃபர், பழைய காலத்துக் கோடுபோட்ட நீச்சலுடையும் கையில் ரப்பர் வாத்துமாகச் சொன்னபடி இறங்கினார். அந்தப் புகைப்படம் நாடு முழுக்கப் போயிற்று. அழுக்கு நகரம் என்ற பெயரை மாற்ற எத்தனை விளம்பரம் கொடுத்தாலும் அப்படி வந்திருக்காது. 1981 ஆகஸ்டில் டைம் பத்திரிகை ரௌஸின் முகத்தை அட்டையில் போட்டது.

பிறகு எல்லா மேயர்களுக்கும் ஒன்று வேண்டும். நியூயார்க்கின் சவுத் ஸ்ட்ரீட் துறைமுகம், நார்ஃபோக், டொலிடோ, ஃப்ளின்ட், ரிச்மண்ட் என்று வரிசையாக, ‘திருவிழாச் சந்தைகள்’ என்று பெயர் பெற்ற இந்த வகைச் சந்தைகள் எழுந்தன. இங்கேதான் வாய்பாடு உடைந்தது. பாஸ்டனில் சந்தைக்கு நடந்து வரும் தூரத்தில் ஆயிரக்கணக்கான அலுவலகக்காரர்கள் இருந்தார்கள், சுற்றுலாப் பயணிகள் இருந்தார்கள். கார்த் தொழில் நொடித்துக் கிடந்த ஃப்ளின்டில் யார் வந்து பொழுதுபோக்காகச் சாப்பிடுவார்கள்? டொலிடோவின் போர்ட்சைட் 1984இல் திறந்து 1990இல் மூடியது. ஃப்ளின்டும் ரிச்மண்டும் அதே வழியில் போயின. சந்தை, இருக்கிற கூட்டத்தை ஓரிடத்தில் திரட்டும். இல்லாத கூட்டத்தைப் பிறப்பிக்காது.

ஜெயித்த இடங்களிலும் வேறொரு சிக்கல். உள்ளூர்க்காரர் நடத்திய சின்னக் கடைகளுக்கு வாடகை கட்டுப்படியாகாமல் போக, அந்த இடங்களில் எல்லா ஊரிலும் கிடைக்கும் சங்கிலிக் கடைகள் வந்தன. எல்லா ஊரிலும் கிடைப்பதற்கு எதற்கு இங்கே வர வேண்டும் என்று உள்ளூர்க்காரர்கள் நின்றுவிட்டார்கள். ஹார்பர்பிளேஸ் கைமாறிக் கைமாறி 2019இல் நீதிமன்றம் நியமித்த நிர்வாகியின் பொறுப்பில் போய் விழுந்தது. மண்டபங்களை எடுத்துவிட்டு அடுக்குமாடிக் குடியிருப்புகளையும் சேர்த்துக் கட்டும் புதிய திட்டத்துக்கு 2024 நவம்பரில் மறுபடி வாக்கெடுப்பு. நகர மக்கள் சம்மதித்தார்கள். 1978இல் நடந்த அதே வாக்குவாதம்தான் அப்போதும் நடந்தது: கரை யாருடையது?

சரி, குடியிருப்பவர்கள்?

ஒரு பகுதி பிரபலமானால் வாடகை ஏறும். சொந்த வீட்டுக்காரருக்குச் சொத்தின் மதிப்பு கூடும், வரியும் கூடும். வாடகைக்கு இருப்பவருக்குக் கிடைப்பது வீட்டுக்காரரின் நோட்டீஸ் மட்டும். ஜென்ட்ரிஃபிகேஷன் என்று ஆங்கிலத்தில் சொல்லும் இந்த இடப்பெயர்ச்சிக்குப் புல்டோசர் தேவையில்லை. ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்கும் வாடகை ஒப்பந்தமே போதும். டெவலப்பரைக் கெட்டவர் என்று திட்டுவதிலும் பொருளில்லை. கடன் வாங்கிக் கட்டியவர் கடனைக் கட்டும் அளவுக்கு வாடகை வைத்தே ஆக வேண்டும். ஏழைகளால் கொடுக்க முடிந்த வாடகைக்கும் அந்தக் கடன் தவணைக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. அதை யாராவது நிரப்ப வேண்டும்.

ரௌஸ் இந்தப் பள்ளத்தைக் கிட்டத்தில் பார்த்தது 1973 வாக்கில். வாஷிங்டனில் ஆடம்ஸ் மார்கன் பகுதியில் ரிட்ஸ், மொஸார்ட் என்று பெயரில் மட்டும் பகட்டான இரண்டு அடுக்குமாடிகள். மொத்தம் 90 வீடுகள். சுகாதாரம், பாதுகாப்பு விதிமீறல்கள் மட்டும் 900க்கு மேல். எலி, குப்பை, ஓடாத லிஃப்ட். அவர் போய்வந்த ஒரு சிறிய தேவாலயத்தைச் சேர்ந்த பெண்கள் அவற்றை வாங்கிச் சீர்செய்து, குடியிருப்பவர்களை வெளியேற்றாமல் நடத்த வேண்டும் என்று அவரிடம் வந்து நின்றார்கள். இது ஆகாத காரியம், விட்டுவிடுங்கள் என்றார் ரௌஸ். அவர்கள் சொந்தப் பணத்தில் அட்வான்ஸ் கட்டிவிட்டுத் திரும்ப வந்தார்கள். வேறு வழியில்லாமல் வாங்குவதற்கான பணத்துக்கு அவர் ஏற்பாடு செய்தார். தன்னார்வலர்கள் பல்லாயிரம் மணிநேரம் உழைத்துக் குப்பை அள்ளி, வர்ணம் அடித்து, குழாய் மாற்றினார்கள். குடியிருந்தவர்கள் அங்கேயே இருந்தார்கள். ஜூபிலி ஹவுஸிங் என்ற அந்த அமைப்பு இன்றும் இயங்குகிறது.

1979இல் நிறுவனத் தலைமையிலிருந்து ஓய்வு பெற்ற ரௌஸ், 1982இல் மனைவி பேட்டியோடு சேர்ந்து என்டர்பிரைஸ் அறக்கட்டளையைத் தொடங்கினார். ஜூபிலி போன்ற உள்ளூர் அமைப்புகளுக்குக் கடனும் தொழில்நுட்ப உதவியும் கொடுப்பது அதன் வேலை. செலவுக்கு? அறக்கட்டளைக்குச் சொந்தமாக ஒரு லாபநோக்கு நிறுவனம் திருவிழாச் சந்தைகள் கட்டும். அந்த லாபம் ஏழைகளின் வீட்டுக்குப் போகும். யோசனை அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நிறுவனம் கட்டிய சந்தைகளில்தான் டொலிடோவும் ஃப்ளின்டும் வருகின்றன. எதிர்பார்த்த லாபம் வரவில்லை. ஒரு வேலையின் வருமானத்தால் இன்னொரு வேலையைத் தாங்கலாம் என்ற கணக்கு தப்பியது.

பள்ளத்தை நிரப்பிய வரிச் சட்டம்

என் கணிப்பில் ரௌஸ் விட்டுச்சென்றதில் பெரிசு, சந்தைகளைவிட, அதிகம் பேர் கேள்விப்படாத ஒரு வரிச் சட்டப் பிரிவு. 1986ஆம் ஆண்டின் வரிச் சீர்திருத்தச் சட்டத்தில் குறைந்த வருமானக்காரர் வீட்டுவசதிக்கான வரிச் சலுகை நுழைந்தது. அதற்காக வாதாடியவர்களில் ரௌஸும் என்டர்பிரைஸும் முக்கியமானவர்கள். கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் புரியாத விஷயம் ஒன்றுமில்லை.

மத்திய அரசு ஒவ்வொரு மாநிலத்துக்கும் மக்கள்தொகையைப் பொறுத்து இவ்வளவு வரிச் சலுகை என்று ஒதுக்குகிறது. குறைந்த வாடகை வீடு கட்ட விரும்பும் டெவலப்பர்கள் மாநிலத்திடம் போட்டி போட்டு அதை வாங்குகிறார்கள். டெவலப்பருக்கு அவ்வளவு வரி இருக்காது. அதனால் வரி கட்ட வேண்டிய ஒரு வங்கியைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்கிறார். வங்கி இன்று ரொக்கம் தரும். பதிலுக்குப் பத்து வருஷம் தன் வரியிலிருந்து நேராகக் கழித்துக்கொள்ளும். அந்த ரொக்கம் கடன் அல்ல, திருப்பித் தர வேண்டியதில்லை.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். 100 வீடு கட்ட 2 கோடி டாலர் ஆகிறது என்று வையுங்கள். சாதாரண டெவலப்பர் 40 லட்சம் கைப்பணம் போட்டு, 1 கோடியே 60 லட்சம் கடன் வாங்குகிறார். 6 சதவீத வட்டியில் 30 வருஷத் தவணை என்றால் ஒரு வீட்டுக்கு மாதம் சுமார் 960 டாலர் கடனுக்கே போய்விடும். பராமரிப்பு, வரி, காப்பீடு எல்லாம் அதற்கு மேல். வரிச் சலுகையால் 1 கோடியே 20 லட்சம் கிடைத்தால், கடன் 80 லட்சமாகக் குறைகிறது. தவணை வீட்டுக்கு 480 டாலர். குறைந்த வருமானக் குடும்பம் ஒன்று கொடுக்கக்கூடிய வாடகை இப்போது எட்டுகிற தூரத்துக்கு வந்துவிட்டது.

பதிலுக்குக் கட்டுப்பாடுகள் உண்டு. குடிவருபவரின் வருமானம், பொதுவாக அந்த வட்டாரத்தின் நடுமட்ட வருமானத்தில் 60 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். வாடகைக்கும் உச்சவரம்பு. மீறினால் வங்கி வாங்கிய சலுகையை அரசு திருப்பிப் பிடுங்கும். அதனால் ஏழைகளின் வீட்டுக்கு ஒழுங்காக வர்ணம் அடித்திருக்கிறதா, விதிப்படி ஆள் வைத்திருக்கிறார்களா என்று பார்க்க வங்கிக்கே அக்கறை வந்துவிடுகிறது. கடன் கொடுப்பவரின் மூளை வேலை செய்த இடம் என்று எனக்குத் தோன்றுவது இதுதான். 1986இலிருந்து இந்த வழியில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் வந்திருக்கின்றன.

குறை இல்லாமல் இல்லை. வழக்கறிஞர், கணக்காளர், இடைத்தரகர் என்று ஒவ்வொரு திட்டத்திலும் பலர் கைவைக்கிறார்கள். அடிமட்ட ஏழைகளுக்கு இந்த வாடகையும் கட்டாது. அரசின் தனி வாடகை உதவி இருந்தால்தான் முடியும்.

வீடு மட்டும் போதாது என்பதை ரௌஸ் கடைசிக் காலத்தில் பார்த்தார். 1990 வாக்கில் மேயர் கர்ட் ஷ்மோக்கோடு சேர்ந்து, பால்டிமோரின் மிக ஏழ்மையான பகுதிகளில் ஒன்றான சாண்ட்டவுன்–வின்செஸ்டரின் 72 தெருத்தொகுதிகளையும் மொத்தமாக மாற்றுவது என்று இறங்கினார். வீடு, பள்ளி, மருத்துவம், வேலைப் பயிற்சி எல்லாம் ஒரே நேரத்தில். 13 கோடி டாலருக்குமேல் செலவானது. நூற்றுக்கணக்கான வீடுகள் எழுந்தன. ஆனால் நகரத்தின் உருக்காலை, துறைமுக வேலைகள் போனது போனதுதான். போதைமருந்து வியாபாரமும் போலீஸ் கெடுபிடியும் நின்றபாடில்லை. 1996 ஏப்ரலில் ரௌஸ் இறந்தார். 2015இல் போலீஸ் காவலில் காயம்பட்டு இறந்த ஃப்ரெடி கிரே என்ற இளைஞர் அந்தப் பகுதியைச் சேர்ந்தவர். அதைத் தொடர்ந்து பால்டிமோரே கொந்தளித்தபோது, இருபது வருஷத்துக்கு முன் கொட்டிய பணம் என்ன ஆயிற்று என்று எல்லோரும் கேட்டார்கள். அந்த வீடுகளில் இன்றும் குடும்பங்கள் வசிக்கின்றன என்பதும் பதிலில் சேரும்.

வரிச் சலுகை வீடுகளுக்கும் ஒரு காலக்கெடு இருக்கிறது. 1990இலிருந்து கட்டியவற்றுக்கு வாடகைக் கட்டுப்பாடு குறைந்தது 30 வருஷம். கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்கள் 55 வருஷம் கேட்கின்றன. மற்ற இடங்களில் முதல் தலைமுறைக் கட்டடங்கள் கெடு முடிந்து வெளியே வரத் தொடங்கிவிட்டன. இடைப்பட்ட காலத்தில் அந்தப் பகுதி மதிப்பேறியிருந்தால், கட்டட உரிமையாளருக்குச் சந்தை வாடகைக்கு மாற ஆசை வருவது இயல்பு. இதை எதிர்பார்த்தே பல லாபநோக்கற்ற அமைப்புகள், பதினைந்தாம் வருஷத்துக்குப் பிறகு கட்டடத்தைக் குறைந்த விலைக்கு வாங்கும் முதல் உரிமை தங்களுக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதி வைத்தன. பல இடங்களில் முதலீட்டாளர்கள் இப்போது அதை ஒப்புக்கொள்ள மறுக்கிறார்கள். வழக்குகள் நீதிமன்றங்களில் நடந்துகொண்டிருக்கின்றன.